இரண்டு சீசாக்கள்

விக்டோரியா ராணியம்மா காலமான வருஷத்துக் கோடையில், ராஜபாளையத்துப் பஞ்சுத் தரகர் சேக் முகைதீன் ராவுத்தருக்கு நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது.

சுண்ணாம்பு பொத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார். நாள் முழுக்க வெற்றிலை மெல்லுகிற வாய்க்கு அது புதிதில்லை. நல்லெண்ணெய் கொப்பளித்தார், மணத்தக்காளிக் கீரையை ஆக்கச் சொல்லித் தின்றார். புண் ஆறவில்லை. ஒருநாள் பஞ்சு அடுக்கும் கிட்டங்கியில் யாருமில்லாத நேரம் விரலை விட்டுத் தடவியபோது, புண்ணுக்கு அடியில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. பருத்திக்கொட்டை அளவுதான். விரல் அதில் பட்டதும் அவருக்கு உள்ளங்கால் சில்லிட்டுப் போனது.

அவருடைய அத்தா அபுபக்கர் ராவுத்தர் மவுத்தானது நாக்கில் வந்த புற்றால். அதுவும் இதே இடது ஓரம். இதே மாதிரி ஒரு கெட்டி. அது கரைந்து பள்ளமாகி, பள்ளம் தாடைக்கு இறங்கி, கடைசியில் கன்னத்தில் ஓட்டை விழுந்து, குடித்த கஞ்சி அந்த வழியாக வெளியே வந்தது. கிட்டங்கிக்குப் பின்னால் இருந்த அறையில் அவரைத் தனியாகப் போட்டிருந்தார்கள். வாடை தெருவுக்கு வராமல் இருக்க அந்த அறையில் சாம்பிராணி அணையவே அணையாது. எச்சில் படிக்கத்தை எடுத்துக் கொட்டிக் கழுவி வைத்தது சேக் முகைதீன். வாயைத் துடைத்துவிட்டது புதுசாகக் கல்யாணமாகி வந்திருந்த மருமகள் ஜெய்னப். கடைசி மாதம் அத்தாவால் பேச முடியவில்லை. கண்ணால் மட்டும் பேசினார். அந்தக் கண்ணை நேருக்கு நேர் பார்க்கப் பயந்து, படிக்கத்தைப் பார்த்தபடியே உள்ளே போய் வெளியே வந்தார் மகன்.

இப்போது அந்தக் கெட்டி தன் வாய்க்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஜெய்னப்பின் பெட்டியில் கிடந்த உள்ளங்கையகலக் கண்ணாடியை எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.

பஞ்சுக் காலம் அது. கருங்கண்ணிப் பருத்தி பொதி பொதியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் நின்று, துண்டுக்குள் இருவர் விரலையும் பிடித்தபடி வாயால் ஊர்க்கதை பேசிச் சிரிக்கவைத்து விலையை முடிக்கிறவர் என்று அவருக்குப் பேர். அந்த வருஷம் விரல் மட்டும் பேசியது, வாய் பேசவில்லை. பேச்சின் நடுவே எழுந்து பொதிகளுக்குப் பின்னால் போவார். கண்ணாடியை எடுத்து நாக்கை நீட்டிப் பார்ப்பார். காலையில் சிவப்பாகத் தெரிந்தது மத்தியானம் வெளுப்பாகத் தெரியும். வெளுத்தால் ஆறுகிறதா, அழுகுகிறதா? திரும்பி வந்து உட்கார்ந்தால் அந்தச் சந்தேகம் தீர மறுபடி எழுந்து போகவேண்டும். உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்து பார்ப்பார். வாடை வருகிற மாதிரி இருக்கும், வராத மாதிரியும் இருக்கும். யாராவது எதிரே நின்று பேசும்போது ஓரடி பின்னால் நகர்ந்தால் போதும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

"ராவுத்தருக்குத் தலைக்கனம் ஏறிட்டு" என்று பேசிக்கொண்டார்கள்.

ஜெய்னப்புக்கு வெகுநாள் மறைக்க முடியவில்லை. வலது பக்கமாகவே மென்று, காரக் குழம்பை ஒதுக்கி, வெறும் மோரும் சோறுமாகத் தின்கிறவரை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"மச்சான், வாயத் தொறங்க."

"என்னத்துக்கு?"

"தொறங்க."

திறந்தார். அவள் வெளிச்சம் விழுகிற பக்கம் அவர் தாடையைத் திருப்பிப் பார்த்தாள். செத்த நேரம்தான் பார்த்தாள். பிறகு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று ரெண்டு தரம் சொன்னாள். அந்த ரெண்டாவது 'ஒண்ணுமில்ல' அவரை அப்படியே உட்காரவைத்துவிட்டது. மாமனாரின் வாயை ஒருநாள் தவறாமல் துடைத்தவள் அவள். அவளுக்குத் தெரியாததா?

மறுநாள் அவளே பழையபேட்டை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். வைத்தியர் வேப்பங்குச்சியால் நாக்கை ஒதுக்கிப் பார்த்தார். குச்சியைத் தூர எறிந்துவிட்டுக் கையைக் கழுவினார். மருந்துப் பெட்டி பக்கம் திரும்பவே இல்லை.

"ராவுத்தரே, ஒங்க அத்தாவுக்கு நான்தான் பாத்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதுக்குப் பொறவு நாக்குல வாரதுல நான் கை வைக்கதில்ல."

வைத்தியர் எழுந்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். எந்த நோயாளிக்கும் அவர் எழுந்து வந்ததில்லை என்பது தெருவுக்குள் இறங்கிய பிறகுதான் சேக் முகைதீனுக்கு உறைத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது பட்டணத்தில் இங்கிலீஷ் வைத்தியம் படித்துவிட்டு வந்த டாக்டர் ஒருவர் இருந்தார். மாரிசாமி என்கிற வண்டிக்காரனைப் பிடித்து, விடிந்ததும் கிளம்பினார் சேக் முகைதீன். ஜெய்னப் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றார். மேற்கே செண்பகத்தோப்பு மலையில் மேகம் இறங்கிக் கிடந்தது. ஆனிக்காற்று தொடங்கியிருந்தது. ரோட்டோரத்து உடைமரங்களில் எல்லாம் பஞ்சு சிக்கிக் கிடந்து ஆடியது.

டாக்டர் வீட்டு முன்கூடத்தில் பெஞ்சில் ஏற்கனவே ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசுக்குள் இருக்கும். கறுத்து மெலிந்த உடம்பு, சேலைத் தலைப்பால் வலது கன்னத்தை அழுத்திப் பிடித்திருந்தாள். இவர் வந்து உட்கார்ந்ததும் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் வாயிலதானா, அண்ணாச்சி?"

முன்பின் தெரியாத பெண் அப்படிக் கேட்டதில் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்படித் தெரியும்?"

"நாக்க உள்ளுக்குள்ளேயே ஒரு பக்கமாத் தொழாவிக்கிட்டே இருக்கீகளே. நானும் அப்படித்தான்."

அவள் பேர் சுடலைமாடத்தி. தேவதானத்துக்காரி. புருஷன் கொழும்புத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அண்ணன் கருத்தப்பாண்டி வீட்டில் இருந்துகொண்டு காட்டுவேலைக்குப் போகிறாள். புகையிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு வெயிலில் நிற்கிறவள். அதக்குகிற இடத்தில் புண். அதைச் சொல்லும்போது தலைப்பை எடுத்துக் காட்டவும் செய்தாள். கன்னம் உள்ளிருந்து தடித்திருந்தது. சேக் முகைதீன் அதைப் பார்த்தார். தன்னுடையதைவிடப் பெரிசு என்று பட்டது. நெஞ்சுக்குள் எங்கோ ஒரு முடிச்சு லேசாகத் தளர்ந்தது.

டாக்டர் இருவரையும் அடுத்தடுத்துப் பார்த்தார். நாக்கில் ஒரு மருந்தைத் தடவினார், மரத்துப்போனது. கத்தரியால் ஓரத்தில் துளி சதையை நறுக்கி, சாராயம் நிரப்பிய சின்னச் சீசாவில் போட்டார். சுடலைமாடத்தியின் கன்னத்திலிருந்தும் அதே மாதிரி ஒரு துளி. சன்னல் விளிம்பில் இரண்டு சீசாக்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சாராயத்துக்குள் தன் சதை மிதப்பதை அவர் பார்த்தார். வாழ்நாளில் தொடாத ஹராம். தன்னைவிட்டு முன்னாலேயே போன துண்டு ஒன்று அதில் ஊறுகிறது.

"இது பட்டணத்துக்குப் போகணும்" என்றார் டாக்டர். "அங்க பெரிய ஆஸ்பத்திரியில மெல்லிசாச் சீவி, பூதக்கண்ணாடியில பாப்பாங்க. அவங்க சொன்னாத்தான் நிச்சயம். அதுவரைக்கும் நானும் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"ஐயா பாத்தா என்ன தோணுது?"

"உங்க கடவாய்ப் பல்லு ஒண்ணு ஒடைஞ்சு கூரா இருக்கு. அது குத்தியும் இப்படி வரலாம். பல்லைப் பிடுங்கிடறேன். இன்னொண்ணாவும் இருக்கலாம்."

"சீசா மாறிப் போயிட்டா?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "பேர் எழுதி ஒட்டியிருக்கு. நாக்குச் சதை வேற, கன்னச் சதை வேற. பாக்கறவங்களுக்குத் தெரியும்." பிறகு இருவருக்கும் பொதுவாக, ஆறுதலாகத்தான் சொன்னார்: "போன வருஷம் இப்படி ரெண்டு பேருக்கு அனுப்பினேன். ஒருத்தருக்கு ஒண்ணுமில்லைன்னு வந்தது. நீங்களா எதையும் நினைச்சு மனசைக் கெடுத்துக்காதீங்க. கண்ணாடியப் பாக்காதீங்க."

ஒருத்தருக்கு ஒண்ணுமில்லை. வண்டி ராஜபாளையம் வந்து சேருகிறவரை அந்த வார்த்தை சக்கரத்தோடு சேர்ந்து உருண்டுகொண்டே வந்தது. அப்படியென்றால் இன்னொருத்தருக்கு? இரண்டு பேருடையதை அனுப்பினார், ஒருவர் தப்பினார். இந்த வருஷமும் இரண்டு சீசா. டாக்டர் சொன்னது என்னவோ வேறு, இவர் மனசு பிடித்துக்கொண்டது வேறு. யாரோ ஒருவருக்கு விடுதலை, மற்றவருக்குக் கிட்டங்கிப் பின்னறை என்று அது கணக்குப் போட்டுவிட்டது. அந்தக் கணக்கை அவரால் பிறகு அழிக்கவே முடியவில்லை.

பதில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. புண்ணைக் கழுவி மருந்து வைக்க வாரத்துக்கு ஒருநாள் வரச்சொல்லியிருந்தார் டாக்டர். அடுத்த வாரம் வண்டி ஊரைத் தாண்டும்போது ரோட்டில் சுடலைமாடத்தி தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தாள். தேவதானத்திலிருந்து நடந்தே வருகிறாள். வண்டியை நிறுத்தச் சொல்லி ஏற்றிக்கொண்டார். மாரிசாமிக்கு அது நல்ல மனசாகத் தெரிந்திருக்கும். ஏறி உட்கார்ந்து அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சேக் முகைதீன் கேட்டார்:

"எப்படியிருக்கு? காட்டு, பாப்போம்."

அவள் காட்டினாள். அவரும் தன் நாக்கைக் காட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் இதுதான். அவள் கன்னத்தில் தடிப்பு கூடியிருந்தால் அன்றைக்கு அவருக்கு வெயில் உறைக்காது, மாரிசாமியிடம் பஞ்சு விலை பேசிக்கொண்டு வருவார்.

ஒரு வாரம் அவளுடையது சிறுத்திருந்தது. நிஜமாகவே சிறுத்திருந்தது. "புகையிலைய விட்டேன்ல, வலியும் இல்ல அண்ணாச்சி" என்று அவள் சிரித்தாள். அவருக்கு நாக்கு வறண்டது. பல் பிடுங்கிய இடத்தில் அன்று பூராவும் விண்விண்ணென்று தெறித்தது. வீட்டுக்கு வந்தார். அந்திக்குக் கொசுவுக்காக ஜெய்னப் தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவிக்கொண்டிருந்தாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் அவர் தன்னை மறந்து கத்தினார்.

"ஏட்டி, யாரு செத்துட்டான்னு சாம்பிராணி போடுதே?"

தூபக்காலைக் காலால் தள்ளிவிட்டார். கங்கு சிதறியது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் இப்படிக் கை காலை நீட்டியதில்லை. ஜெய்னப் விளக்குமாற்றால் கங்கைக் கூட்டி அள்ளினாள். அள்ளி முடித்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

"ஒங்களுக்கு மட்டுந்தான் பயமா? ஒங்க அத்தா வாய்க்குள்ள நான் விரல விட்டுத் தொடச்சிருக்கேன். அது எனக்கு இன்னும் விரல்ல இருக்கு மச்சான். தெனமும் ஒங்களுக்குச் சோறு போடும்போது எனக்கு என்ன தோணுதுன்னு நான் சொல்லட்டுமா? வேண்டாம். நீங்க சொல்லல, நானும் சொல்லல."

அவர் பள்ளிவாசலுக்குப் போனார். மஃரிப் தொழுதார். தொழுது முடித்து எல்லோரும் எழுந்து போன பிறகும் கையேந்தி உட்கார்ந்திருந்தார். யா அல்லாஹ், எனக்கு வேண்டாம் என்று தொடங்கினார். அதற்குமேல் நாக்கு நின்றது. ஆனால் மனசு நிற்கவில்லை. அது சொல்லிவிட்டது. எனக்கு வேண்டாம், அவளுக்கு இருக்கட்டும். ஏந்திய கையை முகத்தில் தடவிக்கொள்ளாமல் அப்படியே மடியில் போட்டுக்கொண்டார். தடவிக்கொண்டால் அந்த துஆ முடிந்துவிடும் என்று பயம். முடியாமல் விட்டால் மட்டும் அல்லாஹ் அதைக் கேட்காமல் இருப்பானா? வெளியே காற்று பள்ளிவாசல் கதவைப் போட்டு அடித்தது.

அடுத்த வாரம் வண்டியில் அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. வாயைக் காட்டு என்று கேட்கவில்லை. சுடலைமாடத்திதான் பேச்சை எடுத்தாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குப் பாக்கலையா?"

"இருக்கட்டும்."

வண்டி கொஞ்ச தூரம் போனது. பிறகு, "ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது" என்றாள். "டாக்டரய்யா சொன்னாகல்ல, ரெண்டு பேருல ஒருத்தருக்கு இல்லன்னு வந்துச்சுன்னு. அதக் கேட்டதுலேருந்து எனக்கு ஒரு நெனப்பு. அந்த இல்லாத ஆளு நானா இருக்கணும்னு. அப்ப ஒங்களுக்குல்ல இருக்கணும்? வண்டியில ஏத்திக் கூட்டிட்டுப் போற மனுசனுக்கு வரட்டும்னு நெனக்கேனே, நான் என்ன பொம்பளை!" சொல்லிவிட்டு வாய் கோணச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒங்க நாக்குல ஒரு வாரம் ரத்தம் கசிஞ்சிருந்துச்சுல்ல, அன்னைக்கு வீட்டுக்குப் போயி நல்லாச் சாப்பிட்டேன் அண்ணாச்சி. மறைச்சு வச்சு என்ன செய்ய, சொல்லிட்டேன்."

மாரிசாமி மாட்டை அதட்டுவதுபோல முன்னால் திரும்பிக்கொண்டான். சேக் முகைதீனுக்குத் தொண்டை வரை வந்தது. நானும்தான் என்று ஒரு வார்த்தை. இத்தனை பேரின் விலையைப் பேசி முடித்தவருக்கு அந்த ஒரு வார்த்தை வாயைத் தாண்டவில்லை. "அதெல்லாம் மனசுல வைக்காத" என்று பெரியமனுஷன் மாதிரி சொல்லிவைத்தார். சொன்னதும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆடி பிறந்து காற்று பேயாக வீசிக்கொண்டிருந்தபோது பட்டணத்திலிருந்து பதில் வந்தது. டாக்டர் வீட்டில் இருவரும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவரைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள்.

"உங்களுக்கு அது இல்ல" என்றார் டாக்டர். "பல்லு குத்தி வந்த புண்ணுதான். பாருங்க, ஆறிக்கிட்டும் வருது. இனிமே வெத்தலையில கை வைக்காதீங்க."

எத்தனையோ தரம் இந்த நிமிஷத்தை அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அழுவோம் என்று நினைத்திருந்தார், சஜ்தாவில் விழுவோம் என்று நினைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. "அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டார். டாக்டர் மேசையைப் பார்த்தார். "அவங்களை வரச்சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்தார். சுடலைமாடத்தி அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையும் முகத்தில் காட்டாமல் பேரம் முடிக்கத் தெரிந்த மனுஷன், அன்றைக்கு அவருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஒங்களுக்கு இல்லையா, அண்ணாச்சி?"

தலையை ஆட்டினார்.

"நல்லது" என்றாள். எழுந்தாள். தலைப்பை உதறி ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, விசேஷ வீட்டுக்குள் நுழைகிறவள் மாதிரி நிமிர்ந்து உள்ளே போனாள்.

மதுரைக்குப் போய்க் கன்னத்தை அறுத்தெடுத்தால் பிழைக்க வழி இருக்கிறது, தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். திரும்பும் வழியில் அதைச் சொன்னவள், "கத்தி எல்லாம் எதுக்கு" என்று முடித்துக்கொண்டாள். ராஜபாளையத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் தெற்கே நடந்தாள்.

ஜெய்னப் செய்தியைக் கேட்டு அழுதாள், நேர்ச்சை வைத்திருந்த தர்காவுக்குச் சர்க்கரை வாங்கச் சொன்னாள். இவர் அசையவில்லை. "சீசா மாறியிருக்கும் ஜெய்னப்" என்றார். "டாக்டர் மாறாதுன்னாரு. ஆனா மாறியிருக்கும்." பிறகு, மூடிவைத்ததை எல்லாம் அவளிடம் கொட்டினார். வண்டியில் ஏற்றிப்போனது எதற்காக, பள்ளிவாசலில் மனசு சொன்னது என்ன, அந்தப் பெண் வாய்விட்டுச் சொன்னபோது தான் எப்படி ஊமையாக இருந்தது. ஜெய்னப் கேட்டுக்கொண்டே இருந்தாள். திட்டவில்லை, தேற்றவும் இல்லை.

"அவ ஏன் மதுரைக்குப் போகமாட்டேங்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியல."

"எனக்குத் தெரியும். நாளைக்கு வண்டிய வரச்சொல்லுங்க."

தேவதானத்தில் கருத்தப்பாண்டியின் வீடு ஊர் எல்லையில், வாழைத்தோட்டத்தை ஒட்டி இருந்தது. வாசலில் கிழித்திருந்த ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கமாக, மாட்டுத்தொழுவத்தில் சுடலைமாடத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர். மதுரைப் பேச்சை ஊருக்குள் கொண்டுவந்த அன்றே நோய் ஒட்டிக்கொள்ளும் என்று மதினிக்காரி அவள் தட்டையும் செம்பையும் பிரித்துவிட்டிருந்தாள். கருத்தப்பாண்டி கெட்ட மனுஷனில்லை. கண் கலங்கித்தான் பேசினான்.

"கத்தி பட்டா ஒடம்பு பூராப் பரவிரும்ங்காக. அம்புட்டு தூரம் கூட்டிட்டுப் போயி யாரு பாக்குறது? எனக்கு நெல்லு நடவு கெடக்கு. இங்கேயே இருந்து போற உசுரு போகட்டுமே, ராவுத்தரய்யா."

ஜெய்னப் அவனிடம் பேசவில்லை. துப்பட்டியை இழுத்து முடிந்துகொண்டு தொழுவத்துக்குள் போனாள். சிரட்டையை எடுத்து, அதில் இருந்த தண்ணீரில் ஒரு வாய் குடித்தாள். பிறகு அவள் எதிரில் சாணித்தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நான் ஒங்கூட மதுரைக்கு வாரேன். எங்க மாமாவுக்கு இது வந்து, முழுசும் பாத்தவ நான். எதுவும் எனக்கு அருவருப்பில்ல. நீ வாடி."

சுடலைமாடத்தி சிரட்டையையும் ஜெய்னப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதுதான் முதல்தரம் அழுதாள். தொழுவத்து வாசலில் நின்ற சேக் முகைதீனும், இத்தனை பேர் கேட்க, அந்த வார்த்தையைச் சொன்னார்.

"தாயி, நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒனக்கு இருக்கட்டும்னு. அன்னைக்கு வண்டியில சொல்லாம விட்டுட்டேன்."

"அது எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றாள் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இல்லன்னா ஏறி உக்காந்ததும் வாயக் காட்டுன்னு யாரு கேப்பா?"

விருதுபட்டி வரை வண்டியிலும் அங்கிருந்து ரயிலிலும் போனார்கள். மதுரையில் மயக்கம் கொடுத்துக் கன்னத்தில் பாதியை அறுத்தெடுத்தார்கள். அறுத்த அன்று அவள் மூச்சு நின்று நின்று வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் சேக் முகைதீன் தூணைப் பிடித்தபடி நின்றார். உள்ளே ஜெய்னப் இருந்தாள். காய்ச்சல் இறங்கி, கஞ்சி உள்ளே போய், அவள் எழுந்து நடக்கத் தொடங்கியபோது புரட்டாசி ஆகிவிட்டது.

அவளைத் தேவதானத்துக்கு அனுப்பவில்லை. கிட்டங்கிப் பின்னறையைச் சுண்ணாம்பு அடித்து, சுவரை உடைத்துச் சன்னல் ஒன்று வைத்துக் கொடுத்தார்கள். ஊரில் பேசாத பேச்சில்லை. ஜமாஅத்திலும் கேட்டார்கள், அவள் சாதிசனமும் வந்து கேட்டது. சேக் முகைதீன் எல்லோருக்கும் பதில் சொன்னார். பழையபடி வாய் வந்திருந்தது. சுடலைமாடத்தியின் பேச்சு குழறும். ஜெய்னப்புக்கு மட்டும் அது முழுக்க விளங்கியது. இருவரும் உட்கார்ந்து பருத்தியில் தூசி எடுத்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். சில சமயம் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். அவரைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தெரியும், கேட்டுக்கொள்ளமாட்டார்.

மறுவருஷம் பருத்தி வெடிக்கிற சமயத்தில் அவளுக்குத் தாடைக்குக் கீழே ஒரு கட்டி தெரிந்தது. அவளே தடவிப் பார்த்து, ஜெய்னப்பின் விரலை எடுத்து அதன்மேல் வைத்தாள். இந்தத் தரம் டாக்டர் சதையை நறுக்கவில்லை. பட்டணத்துக்கு ஒன்றும் அனுப்பவில்லை. "வலிக்கு மருந்து தாரேன்" என்றார்.

மழைக்கு முன்னால் போய்விட்டாள். கடைசிவரை அந்த அறையில் ஜெய்னப்பும், முறை வைத்து சேக் முகைதீனும் இருந்தார்கள். அவளுக்கும் பேச்சு நின்று கண் மட்டும் இருந்த நாட்களில், அவர் முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து அந்தக் கண்ணைப் பார்த்தார். அது ஒன்றும் லேசான காரியமாக இல்லை. கருத்தப்பாண்டி வந்து உடம்பைத் தேவதானத்துக்கு எடுத்துப்போனான். சேக் முகைதீன் பின்னாலேயே வண்டியில் போய், சுடுகாட்டுக்கு வெளியே நின்று, புகை எழும்பியதும் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சோற்றில் உட்கார்ந்தார். முதல் கவளம் தொண்டையில் எங்கோ நின்று இறங்கிற்று. எச்சிலை விழுங்கிப் பார்த்தார். மறுபடி விழுங்கினார். அங்கே என்னவோ இருக்கிற மாதிரிதான் இருந்தது. உள்ளங்கால் சில்லிட்டது.

"ஜெய்னப்."

"என்ன மச்சான்?"

"தொண்டையில என்னமோ நிக்குறாப்ல இருக்கு."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "எப்பருந்து?"

"இப்பத்தான். இந்தக் கவளத்துலேருந்து."

அவள் அவர் கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. 'ஒண்ணுமில்ல' என்று அவள் சொல்லவில்லை. "நாளைக்கு வில்லிபுத்தூர் போவோம்" என்றாள். "நானும் வாரேன்."

மேற்கே மலையில் இடி உருண்டது. காற்றுக்குக் கொல்லைக் கதவு அடித்துக்கொண்டது. ஜெய்னப் குழம்புச் சட்டியை நகர்த்தி அவர் பக்கம் வைத்து, தானும் தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் சோற்றைப் பிசைந்தார். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினார். இறங்கியது. அடுத்ததை எடுத்தார்.